ஆச்சி பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது, எந்த சாஃப்ட்வேருக்கு மாறலாம்?

புளியரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 80 வயதைத் தாண்டிய அவருடைய ஆச்சிக்குத் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு என்று ஏராளமாகத் தெரியுமாம். அதையெல்லாம் லேப்டாப்பில் பதிவு செய்து, தானே கீபோர்டு வாசித்துச் சேர்க்க வேண்டும் என்று ஒரு யூஎஸ்பி மைக்கும் வாங்கிவிட்டார். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது, கீபோர்டு சேர்த்தால் அது பாட்டுக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது, இப்போது பதிவு செய்கிற ஆடாசிட்டி சாஃப்ட்வேரை விட்டுவிட்டு எதற்கு மாறலாம் என்பது கேள்வி. தம்பி, நீங்கள் கேட்டது சாஃப்ட்வேரைப் பற்றி என்றாலும், சொன்ன இரண்டு குறையில் ஒன்று அறையில் இருக்கிறது, இன்னொன்று ஒரு செட்டிங்கில் இருக்கிறது. சாஃப்ட்வேரை மாற்றினால் இரண்டும் அப்படியே கூடவே வரும். தென்காசியில் 17 வருடமாக ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கோயில் கொடைக்குப் பாட்டு, சர்ச் பாட்டு, ஆட்டோவில் கட்டி ஓட்டுகிற கடை விளம்பரம் (அதிலேயே ஆரியங்காவு, புனலூர் பக்கத்துக்கு மலையாளத்தில் ஒன்று), இதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கிணறு. எதிரே ஒருவர் பேசும்போது நம் காதும் மூளையும் சேர்ந்து அறையின் எதிரொலியைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மைக்குக்கு அந்த வித்தை கிடையாது. ஆச்சியின் வாயிலிருந்து நேராக வருவதையும், சுவரிலும் தரையிலும் தளத்திலும் பட்டுத் திரும்பி வருவதையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் அது பிடிக்கும். நேராக வருகிற சத்தம் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். திரும்பி வருகிற சத்தமோ அறைக்குள் மைக்கை எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே நான்கு சாண் தள்ளி வைத்திருக்கிற மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தாலே, எதிரொலியோடு ஒப்பிட்டால் குரல் 12 டெசிபல் மேலே வந்துவிடும். இதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை, உங்கள் கிணற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரியத்திலேயே போய்விடும். மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, வாயைப் பார்த்துத் திருப்பி விடுங்கள், ‘ப’ வருகிற இடத்தில் காற்று மோதி டம் டம் என்று அடிக்காது. அதற்காக ஒட்டி நான்கு விரல் தூரத்துக்கும் போக வேண்டாம், பெரும்பாலான மைக்குகளில் அவ்வளவு கிட்டே போனால் அடித்தொண்டைச் சத்தம் மட்டும் ஊதிப் பெருத்துவிடும்.

மீதி அறை. பதிவு செய்கிற அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டு முடிந்த பிறகு ‘ட்ர்ரிங்’ என்று ஒரு வால் நீளுகிறதா? அந்த வால்தான் ஆச்சியின் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை, டைல்ஸ் தரை, சுவரில் பெயின்ட், உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் என்றால் அதைவிட மோசமான இடம் வீட்டில் இருக்காது, நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பது இன்னும் கெடுதல், சில சுரங்கள் மட்டும் தனியாக வீங்கிக் கேட்கும். இதற்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்லி உங்களுக்கு யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். வேண்டாம். அது கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், குரலை டப்பாவுக்குள் போட்ட மாதிரி ஆக்குகிற 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள (எண் குறையக் குறையச் சத்தம் தடிப்பாக இருக்கும்) பகுதியைத் தொடவே தொடாது, கடைசியில் அறை மந்தமாகவும் இருக்கும், டப்பா சத்தமும் போகாது. சத்தத்தை விழுங்குவதற்குத் தடிமன் வேண்டும். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள பஞ்சு ஏறக்குறைய 850 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழுசாக வேலை செய்யும், அதையே சுவரிலிருந்து இன்னொரு 10 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் அதில் பாதி ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கிப் பிடிக்கும். போடிப் பக்கத்திலிருந்து வருகிற இலவம் பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் அதற்கு ஈடு இல்லை. ஒன்றை ஆச்சிக்குப் பின்னால், சுவரை ஒட்டாமல் நாற்காலியில் சாய்த்து நிறுத்துங்கள், இன்னொன்று இருந்தால் பக்கவாட்டில். எல்லாரும் மைக்குக்குப் பின்னால்தான் கட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலான யூஎஸ்பி மைக்குகளுக்கு முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், அதன் முன்னால் இருப்பது ஆச்சியும் ஆச்சிக்குப் பின்னால் இருக்கிற சுவரும், அதனால் அந்தச் சுவரை முதலில் மறையுங்கள். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். வீட்டில் நெல் மூட்டை அடுக்கின அறை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போய் உட்காருங்கள். ஒரு தடவை கிராமத்தில் போய்ப் பதிவு செய்யும்போது வேறு இடமில்லாமல் அப்படி ஓர் அறையில் பாட வைத்தேன், கைதட்டினால் பஞ்சில் தட்டின மாதிரி சத்தம் அங்கேயே நின்றது.

ஓட்டு வீடாக இருந்தால் எதிரொலி பொதுவாகக் கான்கிரீட் வீட்டைவிடக் குறைவு, ஆனால் நம் பக்கத்தில் ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஓட்டிலும் தகரத்திலும் அது விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். சாரலை மட்டும் பிறகு எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்று நம்பி உட்காராதீர்கள். ஃபேன் சத்தம் ஒரே சீராக இருப்பதால் அதைக் கணக்குப் போட்டு ஓரளவு கழிக்க முடியும், மழைத்துளி ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு பலத்தில் விழுவதால் கழிக்கப் போனால் குரலையும் சேர்த்துக் கடித்துவிடும். ஆகவே வெறித்த நாளுக்குக் காத்திருங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள் (ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க உங்கள் வண்டிச் சாவியை அதன் மேல் வைத்துவிடுங்கள்). மலையேறுகிற லாரிகள் கொல்லம் ரோட்டில் ஏர் ஹாரன் அடிக்கத்தான் செய்யும், அது வந்தால் கையைக் காட்டி நிறுத்தி, அந்த அடியை மறுபடி பாடச் சொல்லுங்கள். வயதானவர்களுக்குக் காலையில் எழுந்தவுடன் தொண்டை திறந்திருக்காது, காப்பி குடித்து இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இனி, நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒன்று. கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற வகை) அறைச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், வீட்டுக்கு டைனமிக்தான் (மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற வகை) சரி என்று நிறையப் பேர் அடித்துச் சொல்கிறார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டையும் ஒரே தூரத்தில், ஒரே திசை அமைப்பில் வைத்து, சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டால் அறைச் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. டைனமிக்குக்கு உணர்திறன் குறைவு என்பதால் பாடுகிறவர் தானாகவே கிட்டே போய்ப் பாடுகிறார், பலன் அந்தக் கிட்டத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேடையில் எங்கும் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 1966-ல் வந்த மைக், கத்திப் பாடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அருமையாக இருக்கும். ஆனால் தாலாட்டு மாதிரி மெல்லப் பாடுகிற குரலுக்கு அதை விலை குறைந்த இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) போட்டால் கெயினை, அதாவது மைக் சத்தத்தை ஏற்றுகிற திருகை, முழுக்கத் திருப்ப வேண்டி வரும், ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் ஏறும். அதனால் கையிலிருக்கிற யூஎஸ்பி மைக்கையே வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குரல், ஒரு கீபோர்டு, வெட்டி ஒட்டுவது என்கிற அளவுக்கு ஆடாசிட்டி தாராளம், 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். கீபோர்டு, உடுக்கு, தாளம் என்று ட்ராக் ஏறிக்கொண்டே போகும், கீபோர்டை மிடியாக, அதாவது சத்தமாக இல்லாமல் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்கிற குறிப்பாகப் பதிந்து பிறகு சுரம் சுரமாகத் திருத்த வேண்டும் என்றால் ரீப்பருக்குப் போங்கள். 60 நாள் முழுசாகச் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர், நான் தினமும் வேலை செய்வது அதில்தான். எஃப்எல் ஸ்டுடியோ கணினியிலேயே இசையை அடுக்கிக் கட்டுகிறவர்களுக்குச் சௌகரியம், உங்கள் காரியத்துக்கு அது சுற்று வழி. திருட்டு காப்பி எதையும் ஏற்றாதீர்கள், அதோடு வருகிற வைரஸில் ஆச்சி பாட்டு ஃபைலே போய்விடும்.

கீபோர்டு பின்னால் இழுப்பதற்கு வருவோம். கணினி சத்தத்தைத் துளித்துளியாக அனுப்புவதில்லை, ஒரு வாளி நிறைந்த பிறகுதான் கொட்டும். அந்த வாளிக்குப் பெயர்தான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தின் துளி) எடுக்கும்போது, 1024 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு பக்கத்துக்கு 21 மில்லிசெகண்டு, போக ஒரு வாளி, வர ஒரு வாளி, நடுவில் விண்டோஸின் சாதாரண டிரைவர் தன் பங்குக்கு இன்னும் சேர்க்கும், கூட்டிப் பார்த்தால் 100 மில்லிசெகண்டுக்கு மேலேகூடப் போகலாம். நீங்கள் ஹெட்போனில் ஆச்சியைக் கேட்டுச் சரியாகத்தான் வாசிக்கிறீர்கள், பதிவாவதுதான் தள்ளிப் பதிவாகிறது. ஆடாசிட்டியில் இதைத் திருத்த லேட்டன்சி காம்பன்சேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது, முதலில் மைனஸ் 130 மில்லிசெகண்டு என்று போட்டிருக்கும், அது எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. உங்களுடையது எவ்வளவு என்று அளந்துவிடலாம். ஒரு ட்ராக்கில் டக் டக் என்று மெட்ரோனோம் சத்தத்தை உருவாக்குங்கள். ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டி வையுங்கள். அதை ஓடவிட்டு அடுத்த ட்ராக்கில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மேலே ஒரு முள், கீழே ஒரு முள், நடுவில் இடைவெளி தெரியும், கீழே உள்ளது பிந்தியிருந்தால் அந்த இடைவெளி எத்தனை மில்லிசெகண்டோ அதை இருக்கிற எண்ணோடு மைனஸில் கூட்டிப் போடுங்கள், முந்தியிருந்தால் குறையுங்கள். இரண்டு தடவை செய்தால் முள் முள்ளின் கீழ் வந்து நிற்கும். கீபோர்டை ஒயரில் நேராகக் கொடுக்கும்போது வேறு உள்ளீடு வழியாகப் போகிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு தடவை அளக்க வேண்டும். ரீப்பரில் ஏசியோ டிரைவரோடு (தாமதத்தைக் குறைக்கிற ஒரு வகை டிரைவர்) 128 சாம்பிள் வைத்தால் இந்தச் சிக்கல் பெரிதாக வராது, ஆனால் பழைய லேப்டாப்பில் அவ்வளவு சின்ன வாளி வைத்தால் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும், அப்போது 256 என்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடத்தையும் கட்டாயம் பாருங்கள். விண்டோஸில் மைக் செட்டிங்குக்குள் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று இருக்கும், சில லேப்டாப்பில் நாய்ஸ் சப்ரஷன் என்று கம்பெனியே தனியாக ஒன்றை ஏற்றியிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை பேச்சுக்காகச் செய்தவை. ஆராரோ என்று ஆச்சி ஓகாரத்தை நீட்டிப் பிடித்தால், அசையாமல் நிற்கிற அந்தச் சத்தத்தை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடும். நீட்டலெல்லாம் நடுவில் தேய்ந்து போகிறது என்று சொல்லி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது. அப்புறம் லெவல்: ஆச்சி எவ்வளவு உரக்கப் பாடுவாரோ அந்த அடியைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெயினை வையுங்கள். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் கிழிந்தது கிழிந்ததுதான். 24 பிட் கொடுக்கிற மைக்காக இருந்தால் இன்னும் குறைவாக வைத்தாலும் நஷ்டமில்லை. ‘ம்ம்ம்’ என்று அடியில் ஒரு முனகல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதிந்து பாருங்கள், போனால் அது 50 ஹெர்ட்ஸ் கரன்ட் சத்தம், வீட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். உங்கள் பதிவில் அந்த முனகல் இருக்கிறதா என்பது ஃபைலைக் கேட்டால்தான் சொல்ல முடியும்.

கீபோர்டு விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆச்சியின் காதில் ஹெட்போனை மாட்டி, மெட்ரோனோமைக் கேட்டுக்கொண்டு பாடச் சொல்லாதீர்கள். அந்தப் பாட்டுகளின் தாளம் நாற்று நடுகிற கையிலும் தொட்டில் ஆட்டுகிற கையிலும் இருக்கிறது, ஓர் அடியில் நீளும், அடுத்த அடியில் சுருங்கும். அவரை அவர் போக்கில் பாட விட்டு, கீபோர்டுதான் அவர் பின்னால் போக வேண்டும். கையில் எதையாவது ஆட்டிக்கொண்டு பாடினால்தான் வரும் என்றால், சேலையில் ஒரு தூளி கட்டி ஆட்ட விடுங்கள், கயிறு கிறீச்சிட்டால் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுங்கள். சுருதியும் அப்படித்தான். ஆச்சி நாலு கட்டையிலும் இருக்க மாட்டார், நாலரைக் கட்டையிலும் இருக்க மாட்டார், நடுவில் எங்கேயாவது இருப்பார், அதிலும் பத்து நிமிடப் பாட்டில் முதலடிக்கும் கடைசி அடிக்கும் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கும். கீபோர்டில் ட்யூனிங் என்ற இடத்தில் 440 என்று இருப்பதை ஒன்றிரண்டாகக் கூட்டியோ குறைத்தோ அவர் சுருதிக்கு நீங்கள் போங்கள். ஆட்டோட்யூன் வகையில் எதையும் அவர் குரலில் போடாதீர்கள், அதற்குத் தெரிந்தது பன்னிரண்டு சுரம், ஆச்சியின் குரல் வழுக்கிப் போகிற இடமெல்லாம் அதன் கணக்கில் தப்பு. முதல் வேலையாகக் குரலை மட்டும் தனியாகப் பதிந்து வையுங்கள், கீபோர்டு அடுத்த வருடம்கூடச் சேர்க்கலாம்.

எடிட்டிங்கில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். 2011-ல் பண்பொழிப் பக்கத்தில் ஒரு பெரியம்மாவின் நடவுப் பாட்டைத் திண்ணையில் உட்கார வைத்து 40 நிமிடம் பதிவு செய்தேன். நன்றாகப் பாடுவார். பாடும்போது இரண்டு கையும் நாற்று முடியைப் பிரிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், வளையல் சத்தம் கேட்கும், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இழுத்து மூச்சு வாங்குவார். ஸ்டுடியோவுக்கு வந்து இரைச்சலைக் கழிக்கிற நாய்ஸ் ரிடக்ஷனை 24 டெசிபலுக்கு வைத்து ஓட்டினேன், மூச்சை ஒவ்வொன்றாக வெட்டினேன், வளையலை எடுத்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அதே ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டேன். அவர் தவறி இரண்டு வருடம் கழித்து அவருடைய மகள் வந்து கேட்டுவிட்டு, ‘அம்மா மூச்சு வாங்குறது இதுல இல்லையே அண்ணாச்சி’ என்றார். ஹெட்போனைக் கழற்றவில்லை, கடைசி வரை கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. ‘ச’ வருகிற இடமெல்லாம் தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி ஆகியிருந்ததும் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகக் கேட்டது. அசல் என்னிடம் இல்லை.

அதனால் பதிந்த அன்றைக்கே, கை வைப்பதற்கு முன்னால், வேவ் ஃபைலாக (நசுக்காத முழு ஃபைல்) மூன்று இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்: லேப்டாப், ஒரு பென் டிரைவ், வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் ஒன்று. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பிதான் ஆகும். எம்பி3 கேட்பதற்கு மட்டும். திருத்துவதையெல்லாம் காப்பியில் செய்யுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, டப்பா சத்தம் இருந்தால் 300-ஐ ஒட்டி இரண்டு மூன்று டெசிபல் குறைத்து, கம்ப்ரசர் (உரத்த இடத்தை அமுக்கிச் சமப்படுத்துவது) போட்டே ஆக வேண்டும் என்றால் 2-க்கு 1 அளவில் மெல்லப் போட்டால் போதும். நாய்ஸ் ரிடக்ஷன் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஆச்சிக்கு இருமல் வந்த இடத்தை வெட்டுங்கள், மூச்சை விடுங்கள். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு மொத்தமாக எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்கிற அளவு) பக்கத்தில் வையுங்கள், அதற்கு மேல் உரக்க ஏற்றினால் அவர்களே குறைத்துவிடுவார்கள்.

அப்புறம், ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல், இது யாரிடம் கற்றது, எந்த வேலையில் பாடுவது, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆச்சியிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் ஊர் இருக்கிற செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் அப்போதைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முன்னால் மலையாளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தது அந்தக் காலத்தில். பாட்டுக்கு நடுவில் மலையாளச் சொல் வந்தால் தப்பாகப் பாடுகிறார் என்று நினைத்துத் திருத்திப் பாடச் சொல்ல வேண்டாம், அர்த்தத்தை மட்டும் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் அறையைப் பார்க்காமல், ஃபைலைக் கேட்காமல் எழுதியது இது. மைக்கைக் கிட்டே கொண்டுவந்து, மெத்தையை நிறுத்தி, என்ஹான்ஸ்மென்டை அணைத்து ஒரு நிமிடம் பதிந்து, எந்தத் திருத்தமும் செய்யாமல் அந்த வேவ் ஃபைலை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது நசுக்கித்தான் கொடுக்கும். கைதட்டல் ஒன்றும் அதில் இருக்கட்டும், ஆச்சி பாட ஆரம்பிப்பதற்கு முன்னால்.